சைலன்ட் குரோவில் ஒரு வீடு விற்பனைக்கு

ஜீவரத்தினம் தன் வீட்டை விற்பதென்று முடிவு செய்தபோது, அது தன்னுடைய வீடு என்ற எண்ணத்தில்தான் இருந்தார்.

அப்படி எண்ண அவருக்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஃப்ரீமான்ட்டில் அதை வாங்கியபோது பத்திரத்தில் அவர் பெயரும் மனைவி ஜோசபின் பெயரும் மட்டுமே இருந்தன. ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. எந்த முடிவையும் இரண்டு முறை சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபையில் காணிக்கைப் பை பிடிப்பார். பொய் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

மூன்றாவது தளம்தான் வேண்டும் என்று அன்றைக்கு அடம்பிடித்தது ஜோசபின். தலைக்கு மேல் யாரும் திம்திம்மென்று நடக்கக் கூடாதாம். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. மௌரி அவென்யூ கடையில் வாங்கிய அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டுப் படிகளையும் ஒரே மூச்சில் ஏறுவார். இப்போது ஐம்பத்தெட்டு. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. சர்க்கரை கட்டுக்குள் வந்தால்தான் அறுவை சிகிச்சை, அதுவரை படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஜனவரியில் அதைக் கேட்டுவிட்டு மேலே வந்து சேர்ந்தவர் மார்ச்சில் ஒரே ஒரு தடவை கீழே இறங்கினார். அதையும் இறங்கினார் என்று சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் ஒரு நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு போய், டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் அதை வீடியோ எடுத்தார்.

"இனிமே இறங்குனா என் காலால இறங்குவேன். இல்லன்னா பெட்டியிலதான்" என்றார் ஜோசபின்.

மகள் ரெபெக்கா டெக்சஸில், இர்விங்கில் இருந்தாள். ஜூலையில் குழந்தை பிறக்க இருந்தது. அவள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். இவ்வளவுதான் விஷயம்.

தாமரைச்செல்வி என்ற வீட்டுத் தரகரை சபையில் யாரோ சொல்லி அனுப்பினார்கள். ஈரோட்டுப் பெண். சாஃப்ட்வேர் வேலை போன பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அந்தத் துறையில் கற்ற நம்பிக்கையை அப்படியே கொண்டுவந்திருந்தார்.

"மார்க்கெட் ஸ்லோதான் அங்கிள். ஆனா ஸ்லோ மார்க்கெட்ல சீரியஸ் பையர்ஸ் மட்டும்தான் வருவாங்க. அது நமக்கு நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டே பால்கனிக் கதவைத் திறந்தார். அந்த நேரம் பின்னால் ரயில் போனது. சுவரிலிருந்த சிலுவை லேசாக ஆடி நின்றது. தாமரைச்செல்வி ரயில் முழுவதும் போகும்வரை புன்னகையை மாற்றாமல் காத்திருந்துவிட்டு, குறிப்பேட்டில் எதையோ எழுதினார்.

"ட்ரெயினுக்கு இவ்ளோ பக்கத்துல வீடு கிடைக்கிறது கஷ்டம் அங்கிள்."

"ஸ்டேஷன் ரெண்டரை மைல் தள்ளில்லாம்மா இருக்கு?"

"ஸ்டேஷன்னு நான் சொல்லலையே. ட்ரெயின்னுதானே சொன்னேன்."

லிஃப்ட் இல்லாததற்கு, 'தினசரி உடற்பயிற்சி வாய்ப்பு உள்ள வீடு' என்று எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே விழுந்து சமையலறை அடுப்பு மாதிரி கொதிப்பதற்கு, 'பொன்னிற மாலை' என்று எழுதினார். கிளம்பும்போது வாசலில் நின்று, "எல்லாம் ரெடி. ஹெச்ஓஏ சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிருங்க. அது சும்மா ஃபார்மாலிட்டி" என்றார்.

ஹெச்ஓஏ என்பது வீட்டு உரிமையாளர் சங்கம். ஜீவரத்தினம் வீடு இருந்த குடியிருப்பின் பெயர் சைலன்ட் குரோவ். அமைதித் தோப்பு என்று பொருள். தோப்பை, எண்பத்தாறு வீடுகள் கட்டுவதற்காக 1987-இல் வெட்டினார்கள். அமைதி அதற்கு முன்பே, தண்டவாளம் போட்டபோது போய்விட்டது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதற்காகச் சங்கம் ஏற்பட்டது. அதன் விதிப் புத்தகம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். சங்கத்தின் ஒழுங்குச் சான்றிதழ் இல்லாமல் எந்த வீடும் கைமாறக் கூடாது என்பது நாற்பதாம் பக்கம்.

சங்கத்தின் செயலாளர் சபரிநாதன் கரூர்க்காரர். அலுவலகத்தில் அவருக்குக் கீழே இருந்த பதினோரு பேரும் வேறு குழுவுக்கு மாற்றப்பட்ட பிறகு, சங்க வேலைகளில் மிகத் தீவிரமாக இறங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை டேப்பும் டார்ச் லைட்டும் வர்ண அட்டையுமாகச் சோதனைக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார். ஜோசபினிடம் முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். காபியை முழுதும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"காபி ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆன்ட்டி. இப்ப நான் அஃபிஷியலா பேசப்போறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார்.

பதினேழு மீறல்கள் இருந்தன. ஜன்னல் திரை 'அன்ன வெள்ளை'யாக இருந்தது. அனுமதிக்கப்பட்டது 'மேக வெள்ளை' மட்டுமே. பால்கனியில் ஜோசபின் உட்கார்ந்து ரயில் பார்க்கும் பிளாஸ்டிக் நாற்காலி, மர நாற்காலியைப் போலத் தோற்றமளிக்கவில்லை. வாசல் விளக்கில் ஒரு பூச்சி இறந்து கிடந்தது. பதினேழாவது மீறலுக்கு வந்தபோது சபரிநாதன் கொஞ்சம் தயங்கி மறுபடியும் தமிழுக்கு வந்தார்.

"அங்கிள், கதவுல ஒரு போர்டு மாட்டியிருக்கீங்க. 'கிறிஸ்துவே இவ்வீட்டின் தலைவர்'னு இங்கிலீஷ்ல."

"ஆமா தம்பி. வாங்குன நாள்லேர்ந்து இருக்கு."

"நம்ம ரெக்கார்ட்ல ஓனர்ஸ் நீங்க ரெண்டு பேர்தான். மூணாவதா ஒருத்தருக்கு உரிமை இருக்குங்கற மாதிரி வருது. நாளைக்கு சேல் டைம்ல பிரச்சினையாகும்."

ஜீவரத்தினம் அவரைப் பார்த்தார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. "அது ஆண்டவரு தம்பி" என்றார்.

"புரியுது அங்கிள். பர்சனலா நானும் சாமி கும்புடுறவன்தான். ஆனா கமிட்டியில நான் கமிட்டி. அவரு கையெழுத்துப் போட வேண்டாம்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க, போதும்."

லெட்டர் எழுத ஜோசபின் ஒத்துக்கொள்ளவில்லை. பலகையைக் கழற்றிப் படுக்கையறைக்குள் மாட்டினார்கள்.

பதினேழையும் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. ஜீவரத்தினம் வேலை முடிந்து வந்து, கடை கடையாக மேக வெள்ளைத் திரை தேடினார். மறுசோதனைக்கு வந்த சபரிநாதன் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரியான மேக வெள்ளை அங்கிள். போன மாசம் வரைக்கும் கரெக்ட்" என்று சொல்லிப் புதிய வர்ண அட்டையைக் கொடுத்தார். சங்கம் இப்போது 'பனி வெள்ளை'க்கு மாறியிருந்தது. ஒன்று மிச்சமிருந்தாலும் பதினேழும் பட்டியலிலிருந்து நீங்காது என்பது விதி.

இதற்கு நடுவில் விற்பனை அறிவிப்புப் பலகை வைக்க அனுமதி கிடைத்தது. குடியிருப்பின் கண்ணியம் குலையாமல் இருக்க, பலகையும் அதன்மேல் எழுத்தும் கட்டடத்தின் வர்ணத்திலேயே, அதாவது வெளிர் பழுப்பில் வெளிர் பழுப்பாக, இருக்க வேண்டும் என்பது விதி. அதைச் செடிக்குப் பின்னால் நட வேண்டும் என்பது உபவிதி. தாமரைச்செல்வி பலகையை நட்டுவிட்டு நான்கு அடி தள்ளி நின்று படிக்க முயன்றார். "ரொம்ப எலிகன்ட்டா இருக்கு அங்கிள்" என்றார். மூன்று வாரத்தில் அதைக் கவனித்த ஒரே ஆள் புல் வெட்டுகிறவர். அவரும் அது பலகை என்று தெரியாமல் பாதியை வெட்டிவிட்டார்.

மே மாதம் வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினார்கள். விருந்தினர் கார்களின் எண்களை எழுபத்திரண்டு மணி நேரம் முன்னதாகச் சங்கத்தில் பதிய வேண்டும்.

"யார் வருவாங்கன்னு மூணு நாளைக்கு முன்னாடி எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்று சபரிநாதனிடம் போனில் கேட்டார் ஜீவரத்தினம்.

"அதேதான் அங்கிள் எங்க கன்சர்னும். யாருன்னே தெரியாதவங்களை எப்படி உள்ள விடுறது?"

ஆனாலும் ஒரு தம்பதி வந்தார்கள். சன்னிவேலில் வேலை பார்க்கிற இளம் குஜராத்திகள். மூச்சு வாங்க ஏறி வந்தவர்களுக்கு ஜோசபின் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குச் சமையலறை பிடித்துவிட்டது. அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். எந்த இடத்தில் மிக்ஸி வைக்கலாம் என்று கணவனிடம் கேட்டாள். தாமரைச்செல்வி ஜீவரத்தினத்தைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். நாற்பது நிமிடம் இருந்தார்கள். ரயில் இரண்டு தடவை போனது. அப்போதும் அவர்கள் கிளம்பவில்லை. கீழே போனபோது கார் இல்லை. பதியாத கார் என்று இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஜீவரத்தினம் தன் காரில் அவர்களை ஏற்றிக்கொண்டு, இழுத்துப் போன கார்களை வைத்திருக்கும் இடத்துக்கு ஹேவர்ட் வரை ஃப்ரீவேயில் போனார். பின் சீட்டில் கணவன், காரை மீட்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று போனில் தேடிக்கொண்டே வந்தான். இறங்கும்போது அந்தப் பெண் மட்டும், "ஆன்ட்டியோட ஜூஸ் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு ஆறு வாரம் யாரும் வரவில்லை. விலையை இரண்டு முறை குறைத்தார்கள்.

படியோரமாக மேலே கீழே போய்வரும் மின்சார நாற்காலி ஒன்றைத் தன் செலவில் பொருத்திக்கொள்கிறேன் என்று ஜீவரத்தினம் விண்ணப்பித்ததும் இந்தச் சமயத்தில்தான். சங்கம் மறுக்கவில்லை. மறுப்பது சட்டவிரோதம் என்று அதற்குத் தெரியும். 'படி நாற்காலி ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தது. அன்பான ஒரு கடிதமும் வந்தது. முட்டி வலியில் நேரடி அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் கீழே, சங்கக் கூட்டங்கள் நடக்கும் கிளப் ஹவுஸுக்கு நேரில் வந்து, தன்னால் படி இறங்க முடியவில்லை என்பதை எடுத்துரைத்தால் குழுவின் பணி எளிதாகும் என்று அதில் இருந்தது. ஜீவரத்தினம் இரண்டு முறை படித்தார். பிறகு ஜோசபினுக்கு வாசித்துக் காட்டினார்.

"நான் இறங்கிப் போயி, இறங்க முடியலன்னு சொல்லணுமாங்க?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

ஜோசபின் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டார் ஜீவரத்தினம். பிறகு அது அழுகையாக மாறியது.

ஜூலை ஒன்பதாம் தேதி ரெபெக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜோசபின் போனை மூக்குக்கருகே வைத்துக்கொண்டு பார்த்தார். குழந்தை கண்ணைத் திறக்கும் நேரத்தில் ரயில் வந்து, அது அழுத சத்தம் கேட்கவில்லை.

"அம்மா, ஜஸ்ட் லீவ் தட் ஹவுஸ் அண்ட் கம். ப்ளீஸ்" என்றாள் ரெபெக்கா.

"வர்றேம்மா. அப்பா பேப்பர் வேலை முடிஞ்சிரும்னு சொல்றாங்க" என்றார் ஜோசபின்.

முடியவில்லை. விற்பவர் தன் வீட்டின் குறைகளை எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். ஜீவரத்தினம் தன் வழக்கப்படி, 'பின்னால் ரயில் போகிறது. சத்தமாக இருக்கும். லிஃப்ட் இல்லை. மாலையில் வெயில் அதிகம்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அதன் நகல் சங்கத்துக்குப் போனது. எண்பத்தாறு வீடுகளின் நற்பெயருக்கும் சந்தை மதிப்புக்கும் ஊறு விளைவித்ததாக அவருக்கு விசாரணை அறிவிப்பு வந்தது.

விசாரணை கிளப் ஹவுஸில் நடந்தது. சங்கத் தலைவர் டாக்டர் பிங்ஹாம் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். முப்பது வருடம், வாய் திறந்தபடி பதில் பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர். எழுந்து நின்று ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"நண்பரே, நாம் இங்கே ஒரு குடும்பம். குடும்பத்தின் குறைகளை யாரும் வெளியே எழுதிக் கொடுப்பதில்லை. சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருபத்தாறு வருடமாக இங்கே வசிக்கிறேன். இங்கே எந்தவிதமான..."

ரயில் வந்தது. டாக்டர் பிங்ஹாம் கையை உயர்த்தியபடியே நிறுத்தினார். சபரிநாதன் மேசை மேல் நடுங்கிய தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் கண்ணியமாகக் காத்திருந்தார்கள். நாற்பது விநாடி.

"...சத்தமும் கிடையாது. இருப்பது இணைப்பின் ஓசை. இந்த நகரத்தின் இதயத்துடிப்பு. அதைப் போய்ச் சத்தம் என்று சொல்வது, கேட்கத் தெரியாதவர்களின்..."

எதிர்த்திசையில் இன்னொன்று வந்தது. அதற்கும் காத்திருந்தார்கள்.

"...குறைபாடு. தொடர்ந்து கேட்கிறவர்களுக்கு அது காதிலேயே விழுவதில்லை. நான் கேட்பதேயில்லை."

"டாக்டர்," என்று ஜீவரத்தினம் பணிவாகக் கேட்டார், "அப்ப எதுக்கு நிறுத்தினீங்க?"

மன்றத்தை அவமதித்தார் என்று பதினெட்டாவது மீறல் சேர்ந்தது. வெளியே வந்தபோது சபரிநாதன் அவர் தோளில் கை போட்டார். "அங்கிள், நான் உங்க பக்கம்தான். அதனாலதான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். ஆதரிச்சா நம்ம ஆளுன்னு சப்போர்ட் பண்றான்னு சொல்லிருவாங்கல்ல? இதனால எனக்கு ஒரு கிரெடிபிலிட்டி வந்திருக்கு. அதை ஒருநாள் உங்களுக்காக யூஸ் பண்ணுவேன்."

"எப்ப தம்பி?"

"அது இன்னும் கொஞ்சம் சேரணும் அங்கிள்."

கடைசியாக ஒரு வழி சொன்னார்கள். பத்திரத்தில் பெயருள்ள இரண்டு உரிமையாளர்களும் நேரில் ஆஜராகி, சங்கத்தின் மேல் தங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொன்னால், பதினெட்டு மீறல்களையும் ஒரே தீர்மானத்தில் முடித்துச் சான்றிதழ் தரலாம். ஆகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை, காலை பத்து மணி. வீடியோ அழைப்பில் வரலாமா என்று ஜீவரத்தினம் கேட்டார். நேரில் வருவதில் உள்ள மனித நேயம் வீடியோவில் இருக்காது என்று பதில் வந்தது.

அன்றைக்குக் காலை ஏழரை மணிக்கு ஜோசபின் புடவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பக்கத்தில் ஒரு பை.

"பை எதுக்கு?"

"தூக்கிட்டு வாங்க. இறங்குறதுன்னா உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிரலாங்க. ஏறுறதுதான் முடியாது."

ஜீவரத்தினத்துக்கு அப்போது விளங்கவில்லை. ஜோசபின் முதல் படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஊன்றி அடுத்த படிக்கு நகர்ந்தார். அதிலிருந்து அடுத்ததற்கு. ஜீவரத்தினம் ஒரு படி கீழே நின்று காலைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாவது படியில் ஜோசபினுக்கு வலியில் வியர்த்தது. இருபதாவதில், "பேசாதீங்க, எண்ணிக்கை விட்டுப்போகுது" என்றார். இரண்டாவது தளத்துச் சீனப் பாட்டி ஒருத்தி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு மெத்தைத் திண்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு படியிலும் போட்டுப் போட்டு எடுத்தாள். மூவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. கீழே வந்து சேர்ந்தபோது புடவை பின்னால் கிழிந்திருந்தது. மணி ஒன்பதே முக்கால். கிளப் ஹவுஸுக்கு நடக்க இன்னும் அரை மணி நேரம் பிடித்தது.

பத்தேகாலுக்கு அவர்கள் உள்ளே நுழைந்தபோது டாக்டர் பிங்ஹாம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து உறுப்பினர்களில் ஒருவர் ராஜினாமா செய்துவிட்டார், ஒருவர் ஹவாயில் இருந்தார். மீதி மூன்று பேர் இருந்தால் கோரம் சேரும், கூட்டம் செல்லும். ஆனால் பத்து பத்துக்குப் பொருளாளரின் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரக்கு இறக்கும் இடத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தியிருந்தாராம். அவர் வாடகைக் கார் பிடித்து ஹேவர்டுக்கு ஓடியிருந்தார்.

"கோரம் இல்லை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்தது ஆறு வாரம் கழித்து" என்றார் தலைவர்.

ஜோசபின் அங்கிருந்த சோஃபாவில் போய் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, மீட்டிங் முடிஞ்சிருச்சு" என்றார் சபரிநாதன்.

"சரி தம்பி. நான் மேல ஏறல."

"அப்படின்னா?"

"ஆறு வாரம்தானே? இங்கேயே இருக்கேன்."

சபரிநாதன் தலைவரைப் பார்த்தார். தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மதியம் இரண்டு மணிக்கு அதே அறையில் அவர் மனைவியின் எழுபதாவது பிறந்த நாள் விழா இருந்தது. அறுபது பேர். இதைச் சொல்லி, அந்த அம்மாவை வெளியே போய் மரத்தடியில் காத்திருக்கச் சொல்லும்படி சபரிநாதனிடம் கேட்டுக்கொண்டார்.

ஜீவரத்தினம் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். ஏழு மாதத்தில் விதிப் புத்தகத்தை அவர் இரண்டு முறை படித்திருந்தார். அவருக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம் வந்திருந்தது.

"தம்பி, நூத்தி அறுபத்தி ரெண்டாம் பக்கத்துல ஒண்ணு போட்டிருக்கு. விசாரணைக்குக் கூப்பிட்டு வந்தவங்களை விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் அறையை விட்டு அனுப்பக் கூடாது, அதுவரைக்கும் அறையில வேற எந்த நிகழ்ச்சியும் நடத்தக் கூடாதுன்னு. இவ வெளிய போனா எங்களுக்குப் பத்தொம்பதாவது மீறல் ஆயிருமோன்னு பார்க்கேன்."

சபரிநாதன் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. தலைவரிடம் காட்டினார். தலைவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். அது 2009-இல் அவரே கொண்டுவந்து, அவரே வழிமொழிந்த விதி.

"விதியைத் தளர்த்தலாமே" என்றார் டாக்டர் பிங்ஹாம்.

"தளர்த்த கோரம் வேணும் சார்" என்றார் சபரிநாதன்.

பதினொன்றரைக்குப் பலூன்கள் வந்தன. உள்ளே வரக் கூடாது என்பதால் வாசலில் கட்டிவைத்தார்கள். பன்னிரண்டுக்கு மூன்றடுக்குக் கேக் வந்தது. வெயிலில் அதன் மேலடுக்கு ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. தலைவரின் மனைவி வந்து கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். ஜோசபின் அவருக்குக் கையசைத்தார். ஜீவரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரவா?" என்று மெதுவாகக் கேட்டார். "பையில புளிச்சோறு இருக்கு. ரெண்டு பேருக்கும்தான் கட்டியிருக்கேன்" என்றார் ஜோசபின்.

சபரிநாதன் மறுபடி வந்தார். இந்த முறை தரையில் மண்டி போட்டார்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். ஒரு பத்து நிமிஷம் வெளிய."

"ரூலை மீறச் சொல்றீங்களா தம்பி?"

சபரிநாதன் அப்படிப்பட்ட கேள்வியை அதுவரை எதிர்கொண்டதில்லை.

பன்னிரண்டரைக்கு டாக்டர் பிங்ஹாம் தானே காரை எடுத்துக்கொண்டு ஹேவர்டுக்குப் போனார். ஒன்று நாற்பதுக்குப் பொருளாளரோடு திரும்பினார். ஒன்று நாற்பத்திரண்டுக்குக் கூட்டம் கூடியது. பதினெட்டு மீறல்களும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டன. பதினேழாவதை வாசிக்கும்போது ரயில் வந்தது. முதல்முறையாக யாரும் அதற்காக நிற்கவில்லை. எதிர்ப்பின்றி நிறைவேறியது. சங்கத்தின் மேல் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார் தலைவர்.

ஜோசபின் ஜீவரத்தினத்தைப் பார்த்தார். ஜீவரத்தினம் தரையைப் பார்த்தார்.

"முட்டி வலிக்குது. அவ்வளவுதான்" என்றார் ஜோசபின்.

அதைக் குறையாகக் கருத முடியாது என்று குறித்துக்கொண்டார்கள். சபரிநாதன் சான்றிதழை இரு கையாலும் நீட்டினார். "பார்த்தீங்களா அங்கிள், வெறும் மூணரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்திருக்கோம். வேற எந்தக் கம்யூனிட்டியிலயும் இந்த கம்பேஷன் கிடையாது" என்றார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. சேர்த்து வைத்திருந்த கிரெடிபிலிட்டியை அன்றைக்குச் செலவழித்துவிட்டதாக அவர் நம்பினார்.

ஜோசபின் மேலே ஏறவில்லை. கிளப் ஹவுஸிலிருந்து நேரே சபைப் போதகர் வீட்டுத் தரைத்தள அறைக்குப் போனார். அடுத்த புதன்கிழமை சக்கர நாற்காலியில் விமானம் ஏறி டெக்சஸ் போய்ச் சேர்ந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த படம் வந்தது. அதில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை.

ஜீவரத்தினம் மூன்றாவது தளத்தில் தனியாக இருந்தார். சான்றிதழ் கிடைத்ததால் மார்க்கெட் வேகமாகிவிடவில்லை. வேலை முடிந்து வந்து, பனி வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் வசிக்கிற அடையாளம் எதையும் பார்க்கக் கூடாது என்று தாமரைச்செல்வி சொல்லியிருந்ததால், குளித்த துண்டைக் கூடக் காரில் வைத்திருந்தார். செப்டம்பர் போனது. மூன்றாவது முறையாக விலையைக் குறைத்தார்கள். சான்றிதழ் அறுபது நாள்தான் செல்லும். ஐம்பத்திரண்டாவது நாள் வாஞ்சிநாதன் வந்தான்.

இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. பச்சை அட்டை சமீபத்தில்தான் கிடைத்திருந்தது. மாரத்தான் ஓடுகிறவன். முப்பத்தெட்டுப் படியையும் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்து, மூச்சே வாங்காமல், "வியூ சூப்பர் அங்கிள்" என்றான். ரயில் போனது. "எனக்குச் சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும். எங்க வீடு பஸ் ஸ்டாண்ட் எதிர்ல" என்றான். சமையலறை அடுப்பு மாதிரி கொதித்ததைப் பார்த்து, "விண்டர்ல ஹீட்டர் பில் மிச்சம்" என்றான். ஜீவரத்தினம் குறைகள் எழுதிய காகிதத்தைக் கொடுத்தார். வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேர்மையா யாரும் எழுத மாட்டாங்க அங்கிள்" என்று சொல்லி மரியாதையோடு மடித்து வைத்துக்கொண்டான். வாங்குவதாக அன்றே முடிவு செய்துவிட்டான். கார் இழுபடவில்லை. ஓடியே வந்திருந்தான்.

சான்றிதழின் கடைசி நாளில், ஜோசபின் கொடுத்துவிட்டுப் போன அதிகாரப் பத்திரத்தை வைத்து ஜீவரத்தினமே இருவருக்குமாகக் கையெழுத்துப் போட்டார். அன்று சாவியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றவன், போகிற போக்கில் கேட்டான்.

"அப்புறம் அங்கிள், இங்க ஹெச்ஓஏ எப்படி?"

தாமரைச்செல்வி கையிலிருந்த காகிதக் கட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மிகக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். ஜீவரத்தினம் ரயில் ஏதாவது வருமா என்று பார்த்தார். அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

மாலை விமான நிலையத்திலிருந்து ஜோசபினைக் கூப்பிட்டார்.

"முடிஞ்சிது. சாவியைக் குடுத்துட்டேன்."

"ஸ்தோத்திரம்" என்றார் ஜோசபின். பின்னால் குழந்தையின் சிணுங்கல் கேட்டது. "யாருங்க வாங்குனது?"

"நம்மூருப் பையன்தான். தங்கமான பையன்."

"சங்கத்தப் பத்தி ஏதும் கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும் ரூல்படிதான் செய்வாங்கன்னு சொன்னேன்."

தொடர்பு போய்விட்டதோ என்று ஜீவரத்தினம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ஜோசபின்?"

"இருக்கேன்" என்றார் ஜோசபின். "அந்தப் பிள்ள பேரு என்ன? சரியாச் சொல்லுங்க. ஜெபத்துல வைக்கணும்."